பிளாஸ்டர்போர்டு சுவரில் பெயிண்ட் கொப்புளித்து உரிகிறது: சுரண்டிவிட்டு மறுபடி அடித்தால் போதுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பாதி விடை அதிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் கட்டி முடித்து மூன்று வருடமான வீடு. சுவர் பிளாஸ்டர்போர்டு, அதாவது இரண்டு காகிதத்துக்கு நடுவே ஜிப்சம் வைத்த பலகை. பில்டர் அடித்துக் கொடுத்த வெள்ளையின் மேல், படுக்கையறையில் ஒரு சுவருக்கு மட்டும் கரும்பச்சை எமல்ஷன் அடித்திருக்கிறீர்கள். இரண்டாவது கோட் ஓட்டிய கால் மணி நேரத்தில் ஆங்காங்கே கொப்புளம். காலையில் பார்த்தால் பாதி அடங்கிப்போயிருக்கிறது. அப்பாடா என்று மாஸ்கிங் டேப்பை இழுத்தால், டேப்போடு சேர்ந்து ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்ட் கையோடு வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஷவர். "சுரண்டிவிட்டு நல்ல பெயிண்டாக வாங்கி அடித்தால் சரியாகுமா?" என்று கேட்கிறீர்கள். பெயிண்ட் எது என்பது இங்கே கடைசிக் கேள்வி. எந்த அடுக்கு பிடியை விட்டது, எதனால் விட்டது, சுவரில் எவ்வளவு தூரத்துக்கு விட்டிருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் சுரண்டுவதா, மொத்தமாக உரிப்பதா, போர்டையே வெட்டுவதா என்று சொல்ல முடியும்.

கொப்புளம் ஏன் வருகிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எமல்ஷனில் இருக்கும் தண்ணீர் புதுக் கோட்டோடு நிற்பதில்லை, அடியில் இருக்கும் பழைய படலத்துக்குள்ளும் இறங்கும். நனைந்த படலம் இளகி, அகலவாக்கில் விரியும். சுவரைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தில் அந்த விரிவு தெரியாது. பிடி இல்லாத இடத்தில் மேலே உப்பும். காய்ந்ததும் சுருங்கி மறுபடி படுத்துவிடும். அதனால்தான் காலையில் பாதி காணாமல் போயிற்று. படுத்துவிட்டது, ஒட்டிக்கொள்ளவில்லை. டேப் அதைத்தான் காட்டிக்கொடுத்தது. புதுப் பெயிண்டின் மேல் பழி போடத் தோன்றும், ஆனால் அது ஏற்கெனவே பிடி விட்டிருந்த அடுக்கை வெளியே காட்டியதோடு சரி. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஈரமாக இருக்கும்போது கொப்புளத்தைக் குத்தாதீர்கள், ரோலரால் அழுத்தித் தேய்க்காதீர்கள். சின்னக் கொப்புளம் பெரிய கிழிசலாகிவிடும்.

உரிந்து வந்த அந்தச் சாண் அகலத் துண்டைத் தூக்கிப் போட்டிருந்தால் குப்பையிலிருந்து எடுங்கள். நிறமுள்ள பக்கம் வேண்டாம், திருப்பி முதுகைப் பாருங்கள். விரலால் தடவினால் மாவு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டுகிறதா? அப்படியானால் பெயிண்ட் சுவரில் ஒட்டவில்லை, சுவர் மேல் கிடந்த தூசியில் ஒட்டியிருக்கிறது. போர்டு இணைப்புகளில் பூசும் ஜாயிண்ட் காம்பவுண்டைத் தேய்த்துவிட்டு, தூசியைத் துடைக்காமல் ஸ்ப்ரே அடித்தால் இப்படித்தான் ஆகும். முதுகு பிளாஸ்டிக் தாள் மாதிரி வழவழவென்று இருந்து, சுவரில் வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் கெட்டியான பூச்சு தெரிந்தால், அது ஸ்கிம் பிளாஸ்டர், போர்டின் மேல் மெல்லிசாகப் பூசும் பூச்சு. கரணையால் அதிகம் மெழுகிப் பளபளப்பாக்கிய பூச்சின் மேல், தண்ணீர் கலந்த முதல் கோட் இல்லாமல் நேரே கெட்டி எமல்ஷனை அடித்திருக்கிறார்கள் என்று பொருள். முதுகில் பழுப்புக் காகித நார் ஒட்டியிருந்தால் விஷயம் வேறு. அது போர்டின் காகிதம். காகிதமே பிய்ந்து வருகிறதென்றால் பெயிண்டின் பிடி நன்றாகத்தான் இருக்கிறது, காகிதம்தான் ஜிப்சத்தை விட்டிருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரம். முதுகில் பில்டரின் வெள்ளை இல்லாமல் உங்கள் பச்சை மட்டும் தனியாக வந்திருந்தால், இரண்டு பெயிண்டுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது: கைப்பிசுக்கு, எண்ணெய், தளபாடப் பாலிஷிலிருந்து வந்த சிலிக்கோன், இவற்றில் ஏதாவது.

உரிந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து விரலால் தேயுங்கள். பால் மாதிரி வெளுத்துப் பிசுபிசுத்தால் அங்கே பிவிஏ என்ற வெள்ளைப் பசையைத் தடவியிருக்கிறார்கள். வழவழவென்று வழுக்கினால் பழைய வால்பேப்பர் பசை. பிவிஏ இந்த நாட்டில் தீராத தலைவலி. பூச்சு வேலைக்காரர் ஸ்கிம் பூசுவதற்கு முன் சுவரில் தடவும் பொருள் அது. "பெயிண்டுக்கு முன்னும் ஒரு கை தடவினால் நன்றாகப் பிடிக்கும்" என்று யாரோ கிளப்பிவிட, அதை நம்பி இன்றும் தடவுகிறார்கள். காய்ந்த பிவிஏ தண்ணீர் பட்டால் மறுபடி இளகும், எமல்ஷனிலோ தண்ணீர். உங்கள் சுவர் உரிந்தபின் யாராவது பிவிஏ தடவச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து என் ஊகம், பில்டர் அடித்த வெள்ளைதான் பிடியை விட்டிருக்கிறது. புது வீடுகளுக்கு அடிக்கும் கான்ட்ராக்ட் மேட் என்ற வெள்ளையில் பசைச்சத்து குறைவு, நிறமித்தூள் அதிகம். பூச்சிலிருக்கும் ஈரம் வெளியேற வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள், அது தப்பில்லை. அதைப் பூச்சு சரியாகக் காய்வதற்கு முன்போ தூசியின் மேலோ அடிப்பதுதான் தப்பு. ஆனாலும் இது ஊகம்தான். துண்டின் முதுகை நான் பார்க்கவில்லை, நீங்கள் போட்ட படத்தில் தெரிவது முன்பக்கம் மட்டும். மறுபக்கம் ஷவர் இருப்பதால் ஈரத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசவும் முடியாது.

ஆகவே சுரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன் ஈரத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கொப்புளம் சுவர் முழுக்கச் சிதறிக் கிடந்தால் பெயிண்டின் பிடிதான் பிரச்சினை. தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள்ளோ, ஷவர் குழாய் இருக்கும் நேருக்கோ கூடிக் கிடந்தால் கசிவைச் சந்தேகியுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: நல்ல போர்டு துளியும் அமுங்காது, ஊறிய போர்டு பிஸ்கட் மாதிரி அமுங்கும். கடையில் விற்கும் இரண்டு ஊசி ஈரமானி வாங்கினால், அதில் வரும் சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள். அந்த எண் மரத்துக்கு அளவிட்டது, ஜிப்சத்துக்குப் பொருந்தாது. ஷவரை ஒட்டாத ஒரு சுவரில் குத்தி ஒரு எண் எடுத்து, இந்தச் சுவரின் எண்ணோடு ஒப்பிட மட்டுமே அது உதவும். கருவி இல்லையென்றால் ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது.

கசிவென்று தெரிந்தால் அது எங்கே என்று பிரித்துப் பார்க்கலாம். ஒரு நாள் ஒரு குடம் தண்ணீரை ஓரங்கள் நனையாமல் நேரே வடிகாலில் ஊற்றுங்கள். இந்தப் பக்கம் ஈரம் ஏறினால் வடிகுழாய் இணைப்பில் கோளாறு. ஏறவில்லையென்றால் மறுநாள் ஷவரைக் கையில் பிடித்து, ஷவரின் தரைத் தட்டும் சுவர் டைலும் சேரும் சிலிக்கோன் ஓரத்தில் ஐந்து நிமிடம் பீய்ச்சுங்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லாமல் ஷவரைத் திறக்கும்போது மட்டும் வந்தால், சுவருக்குள் மேலேறும் குழாயில் தேடவேண்டும், அதற்குப் பிளம்பர் தேவை. கசிவு நின்றபிறகும் சுவர் உலர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஹீட்டரைச் சுவருக்கு நேராக வைத்துக் காயவைக்க வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளியலறை மின்விசிறியையும் ஒருமுறை பாருங்கள். இங்கிலாந்துக் கட்டட விதிப்படி விட்டுவிட்டு ஓடும் விசிறி விநாடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியே தள்ளவேண்டும். டிஷ்யூத் தாளைக் காட்டினால்கூட உறிஞ்சிப் பிடிக்காத விசிறி அந்த வேலையைச் செய்யவில்லை.

அமுங்கும் போர்டுக்கு மருந்து கிடையாது. ஊறி மெத்தென்று ஆன ஜிப்சம் காய்ந்தாலும் பழைய கெட்டி திரும்பாது, காகிதமும் மறுபடி ஒட்டாது. அந்தப் பகுதியை, உள்ளே இருக்கும் மரச்சட்டத்தின் பாதி அகலம் வரை சதுரமாக வெட்டியெடுத்து (சட்டங்கள் 400 அல்லது 600 மி.மீ. இடைவெளியில் இருக்கும்) அதே கனத்தில் புதுப் போர்டை வைத்துத் திருகவேண்டும். பெரும்பாலும் 12.5 மி.மீ. கனமாக இருக்கும். வெட்டுவதற்கு முன் உள்ளே குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று பார்ப்பதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்.

ஈரம் இல்லையென்று வைத்துக்கொண்டு மேலே போகலாம். பிடி எவ்வளவு தூரத்துக்கு விட்டிருக்கிறது என்று பார்க்க, புது பிளேடால் பெயிண்டில் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு கீறுங்கள், குறுக்கே இன்னொரு ஆறு. நல்ல டேப்பை அதன்மேல் அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் எடுங்கள். ஐஎஸ்ஓ 2409 என்ற தரநிலைச் சோதனையின் வீட்டு வடிவம் இது. கட்டங்கள் சுவரிலேயே நின்றால் அங்கே பிடி இருக்கிறது. கொத்தாக டேப்பில் வந்தால் இல்லை. உரிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, ஒரு மீட்டர் தள்ளி ஒன்று, சுவரின் மற்ற மூலைகளில் இரண்டு மூன்று என்று செய்யுங்கள். ஐந்தில் ஒன்றுதான் வந்ததென்றால் அந்த இடத்தை மட்டும் பழுது பார்க்கலாம். இரண்டு மூன்று வந்துவிட்டால் சுவரை முழுதாக உரித்துவிடுவது மேல். ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். சமாளித்தால் அடுத்த கோட்டின் தண்ணீர் இன்று தப்பித்த இடத்தை நாளை உப்பவைக்கும், நீங்கள் விளிம்புக்கு விளிம்பு துரத்திக்கொண்டே இருப்பீர்கள். பிடியில்லாத பெயிண்டை உரிப்பது நினைப்பதைவிடச் சுலபம் என்பது ஒன்றுதான் ஆறுதல். 9 அல்லது 10 சதுர மீட்டர் சுவர் ஒரு பகல் வேலை.

உரிக்க 100 முதல் 150 மி.மீ. அகலத் தகடு எடுத்து, சுவரோடு படுத்தாற்போல் பிடித்துத் தள்ளுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் தகட்டின் மூலை காகிதத்தைக் கிழிக்கும். ஸ்டீமர் வேண்டாம், சூட்டுத்துப்பாக்கி வேண்டாம், பெயிண்ட் ரிமூவரும் வேண்டாம். மூன்றும் போர்டின் காகிதத்தைக் கெடுக்கும். அடியில் இளஞ்சிவப்பு ஸ்கிம் இருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து உரிக்கலாம், சுவர் தாங்கும். ஸ்கிம் இல்லாமல் நேரே போர்டுக் காகிதத்தின் மேல் அடித்திருந்தால் (1200 மி.மீ.க்கு ஒருமுறை செங்குத்தாக வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது அந்த வகை) தண்ணீரே காட்டாதீர்கள். உங்களுடையது புது வீடு, பயமில்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது பழைய வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை: பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது 1999இல்தான். அதற்கு முந்தைய புடைப்பு வேலைப்பாட்டுப் பூச்சு இருந்தால், மாதிரியைச் சோதனைக்கு அனுப்பாமல் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது.

உரித்து முடித்ததும் எல்லோரும் பட்டி டப்பாவைத் திறப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதல் வேலை தூசி. பிரஷ் மாட்டிய வாக்குவம் கிளீனரால் மேலிருந்து கீழே எடுத்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, ஓர் இரவு விடுங்கள். காலையில் கறுப்புத் துணியால் ஒரு தடவு தடவுங்கள், வெள்ளை ஒட்டினால் இன்னொரு முறை துடையுங்கள். பிவிஏ இருந்தால் வெந்நீரும் பஞ்சும் கொண்டு பிசுபிசுப்பு போகும்வரை கழுவவேண்டும். ஸ்கிம்மின் மேல் இதைச் செய்யலாம், வெறும் காகிதத்தின் மேல் செய்ய முடியாது. அங்கே அதை அடைத்துப் பூட்டுவது ஒன்றே வழி.

கிழிந்து பழுப்பு நிறம் தெரியும் காகிதம் இருக்கும் இடங்களில்தான் பலரும் இரண்டாம் முறை தோற்கிறார்கள். மேல் காகிதம் போனபின் அந்தப் பழுப்பு அடுக்கு தண்ணீரைக் குடிக்கும். நேரே பட்டி போட்டாலோ எமல்ஷன் அடித்தாலோ ஐந்தே நிமிடத்தில் அதே இடத்தில் கொப்புளம் வரும், பார்க்கிறவர் பட்டியைக் குறை சொல்வார். பஞ்சுபோல் தொங்கும் ஓரங்களைப் புது பிளேடால் நறுக்கியெடுங்கள், இழுக்காதீர்கள், இழுத்தால் கிழிசல் ஓடும். பிறகு அடைப்பான் (சீலர்) ஒரு கோட். ஜின்சர் கார்ட்ஸ் இந்த வேலைக்கென்றே செய்தது, தண்ணீர் மாதிரி ஓடும், காகிதத்துக்குள் இறங்கிக் கெட்டியாகும். குட்டை ரோமமுள்ள ரோலரில் கொஞ்சமாக எடுத்து, வழிவதை உடனே துடையுங்கள், வழிந்து காய்ந்தால் கண்ணாடிக் கோடு மாதிரி நிற்கும். அது கிடைக்காவிட்டால் ஷெல்லாக் (அரக்கு) கலந்த பிஐஎன் பிரைமர். அதில் தண்ணீரே இல்லை என்பதால் காகிதம் உப்ப வழியில்லை. ஆனால் வாடை கடுமை, ஜன்னல் திறந்திருக்கவேண்டும், பிரஷ்ஷை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கழுவுங்கள். காய்ந்ததும் சிலிர்த்து நிற்கும் நாரை 150ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தெடுங்கள்.

இப்போது பட்டி பார்க்கலாம். பெயிண்டின் கனம் 0.1 அல்லது 0.2 மி.மீ.தான், ஆனாலும் ஜன்னல் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு விழும்போது அந்தப் படி நன்றாகவே தெரியும், அதுவும் கரும்பச்சையில். ஆகவே பழைய பெயிண்ட் நிற்கும் விளிம்பை 120ஆம் எண் தாளால் சரித்துவிட்டு, ஜாயிண்ட் காம்பவுண்டை 250 மி.மீ. தகட்டால் மெல்லிசாக மூன்று முறை இழுங்கள். முதல் இழுப்பு பள்ளத்துக்கு மட்டும், இரண்டாவது விளிம்பைத் தாண்டி ஒரு சாண், மூன்றாவது இன்னும் அரைச் சாண். ஒவ்வொன்றும் முழுதாகக் காயவேண்டும். ஒரே தடவையில் கனமாக அப்பினால் சுருங்கி வெடிக்கும். கடைசியில் 180ஆம் எண் தாள், கைவிளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு தேயுங்கள். மறுபடி தூசி எடுங்கள், முதல் முறை உரிந்ததற்குக் காரணமே ஒருவேளை அதுவாக இருக்கலாம்.

ஊரிலிருந்து யாராவது வெள்ளை சிமென்ட் சுவர்ப் பட்டி போடச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சுவருக்கு அது சரி, சிமென்ட் பூச்சுக்காகச் செய்தது அது. உங்கள் சுவர் ஜிப்சமும் காகிதமும். சென்னைச் சுவரில் உப்புப் பூத்து உரிவதற்கான வைத்தியத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

முழுச் சுவரையும் ஸ்கிம் வரை உரித்திருந்தால் தண்ணீர் கலந்த முதல் கோட், அதாவது மிஸ்ட் கோட், கட்டாயம். வினைல் சேராத சாதாரண வெள்ளை மேட் 700 மி.லி., தண்ணீர் 300 மி.லி. 4 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரச் சுவர் 9.6 சதுர மீட்டர், அதற்கு இந்த ஒரு லிட்டர் கலவை ஏறக்குறைய சரியாக இருக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கவேண்டும் என்று சிலர் சொல்வார்கள், தண்ணீரே வேண்டாம், அதற்கென்று விற்கும் பிரைமர் போதும் என்று இன்னும் சிலர். உறிஞ்சும் புதுப் பூச்சுக்கு எல்லாமே வேலை செய்கிறது, அதனால் இதில் சண்டை போட ஒன்றுமில்லை. மெழுகிப் பளபளப்பான பூச்சுக்கு மட்டும் வேறு கணக்கு. அதை 120ஆம் எண் தாளால் சுற்றிச்சுற்றித் தேய்த்து சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் அடிக்கவேண்டும், தண்ணீர் அளவை மாற்றிப் பயனில்லை. சில இடங்களை மட்டும் பழுது பார்த்திருந்தால் பட்டி போட்ட இடங்களுக்கு இதே கலவையை அடித்து, காய்ந்தபின் முழுச் சுவருக்கும் ஒரு கோட் பிரைமர். இல்லாவிட்டால் பட்டி இருக்கும் இடம் மட்டும் பச்சையில் மங்கலாகத் தெரியும்.

அந்தக் கோட் காய்ந்ததும், பச்சையைத் திறப்பதற்கு முன் டேப் சோதனையை இன்னொருமுறை செய்யுங்கள். இது இரண்டு நிமிட வேலை, தப்பாக இருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரு லிட்டர் மலிவு வெள்ளையோடு போகும். பிறகு பச்சை இரண்டு கோட், நடுவே குறைந்தது 4 மணி நேரம். அறை 10 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. பாதி காய்ந்த இடத்துக்கு ரோலரைத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள், விட்டுப்போன இடத்தை அடுத்த கோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அடங்கிப்போன கொப்புளங்களை அப்படியே விட்டால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமான பதில் இதற்கு இல்லை. யாரும் தொடாத, உலர்ந்த சுவரில் வருடக்கணக்காக அப்படியே இருப்பதும் உண்டு. ஆனால் டேப்பிலேயே ஒரு சாண் வந்த சுவரில் நான் அந்த நம்பிக்கையை வைக்கமாட்டேன். வாடகை வீடாக இருந்து அடுத்த மாதம் காலி செய்வதாக இருந்தால் யோசிக்கலாம். பில்டரிடம் கேட்கலாமா என்றால், புது வீட்டு உத்தரவாதங்களில் பில்டர் தானே வந்து சரிசெய்யும் காலம் வழக்கமாக முதல் 2 வருடம், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. கசிவு என்று தெரிந்தால் மட்டும், சுவரைத் தொடுவதற்கு முன் படம் எடுத்து அவர்களுக்கு எழுதிப் பாருங்கள்.

வேலை முடிந்தபின் மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே, சுவரோடு மடக்கினாற்போல் மெதுவாக இழுத்தெடுங்கள். எமல்ஷன் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய ஒன்றிரண்டு மணி நேரம் போதும், ஆனால் முழுக்கெட்டி அடைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஈரத்துணியால் துடைக்கவேண்டாம், ஸ்டிக்கர் ஒட்டவேண்டாம், கட்டிலின் தலைமாட்டை ஒரு சாண் தள்ளியே போடுங்கள்.